நெஞ்சில் கதவு ஆணி தெரிந்த படம்

சிரஞ்சீவி சபாபதிக்கு, காஞ்சிபுரத்திலிருந்து உன் அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அம்மாவின் வாய் மற்ற எல்லோரையும்விடச் சௌக்கியமாக இருக்கிறது. காலையில் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த அப்பளத்தின்மேல் தெரியாமல் கால் வைத்துவிட்டேன். அதற்காக வீட்டைவிட்டே விரட்டப்பட்டு, போட்டோக் கடைக்கு வந்து, படம் விழுகிற கண்ணாடித் தட்டுகளை மருந்தில் கழுவுகிற மேசைமேல் காகிதத்தைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் இன்னும் எத்தனை அப்பளத்தை மிதிப்பேனோ தெரியாது.

உன் கடிதம் நேற்று வந்தது. ஜவுளி, சமையல்காரர், சத்திரம் எல்லாம் ஒழுங்காக விசாரித்திருக்கிறாய், சந்தோஷம். ஆனால் கடைசி வரியில், கூடத்தில் மாட்டியிருக்கும் உன் தாத்தாவின் படத்தைக் கல்யாணம் முடிகிறவரை கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறாயே, அது எனக்குச் சுருக்கென்றது. பட்டணத்து ரயில்வே ஆபீஸ் சிநேகிதர்கள் வந்து பார்த்தால், "என்னடா, உங்க வீட்டுல பேய் படம் மாட்டியிருக்கு" என்று கேலி செய்வார்கள் என்று பயப்படுகிறாய். செய்யட்டுமே! அந்தப் படம் இல்லையென்றால் நீயே இல்லை, தெரியுமா? தாத்தா உயிரோடிருந்தபோது அந்தக் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் ஒரு பூனை இருந்திருக்கும், நிறையச் சிரிப்பு இருந்திருக்கும். என் பங்கை மட்டும் அவர் விட்டுவிட்டார். பெரிய மனுஷன், மாப்பிள்ளையைக் காட்டிக் கொடுக்கவில்லை. நீ குடும்பம் நடத்தப் போகிறவன், இனி மறைப்பதில் அர்த்தமில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

நம் சனத்தில் தறியில் உட்காராத ஆண்பிள்ளைக்கு அப்போதெல்லாம் மதிப்பு கிடையாது. நானோ பதினாறு வயதில் தறிக் குழியிலிருந்து எழுந்து பட்டணத்துக்கு ஓடி, அங்கே ஒரு துரையின் போட்டோக் கடையில் தட்டு கழுவி, ஆறு வருஷம் கழித்து ஒரு பழைய கேமராப் பெட்டியோடு ஊருக்குத் திரும்பியவன். தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "போட்டோக்காரன் வரான்" என்பார்கள். அதில் கொஞ்சம் கேலி, கொஞ்சம் பயம். நானும் லேசுப்பட்டவன் இல்லை. சிகைக்கு நடுவில் வகிடு, கையில் ஒரு கடிகாரம், வாய் நிறைய ஜம்பம். "கண்ணு பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், என் பெட்டி பொய் சொல்லாது" என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன். இந்த வாக்கியத்தை நினைவில் வை, இதுதான் என்னைக் கொண்டுபோய்க் கவிழ்த்தது.

உன் தாத்தா ஏகாம்பரம் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. அவருடைய பெண்ணை, அதாவது உன் அம்மாவை, எனக்குக் கேட்கலாம் என்று வீட்டில் பேச்சு இருந்தது. முறைப்பெண்தான். ஆனால் மாமா பிடி கொடுக்கவில்லை. "பெட்டியைத் தூக்கிக்கினு திரியறவனுக்கு இன்னாத்த நம்பிப் பொண்ணு குடுக்கறது?" என்று என் அம்மாவிடமே கேட்டுவிட்டார். எப்படியாவது அவரை மயக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அவரை ஒரு படம் எடுத்து, பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்துக் கொடுத்தால் மனசு இளகும் என்று கணக்குப் போட்டேன். இதில் ஒரு சங்கடம் இருந்தது. வெளிச்சம் உள்ளவரை மனுஷன் தறியைவிட்டு எழமாட்டார். பட்டின் நிறம் விளக்கில் சரியாகத் தெரியாது, அதனால் பகல் முழுக்க நெசவு. "ராத்திரியில வேணா எடுத்துக்க" என்று சிரித்தார். ராத்திரியில் எடுக்க முடியாது என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார்.

எனக்கு முடியும். துரையின் கடையில் நான் பார்த்திருந்தேன். பகலில் லென்ஸ் மூடியை எடுத்து மூடுகிற நேரத்தில் படம் விழுந்துவிடும். ராத்திரியில் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அது கண்ணாடித் தட்டில் சேர்ந்து உருவமாக அரை மணிக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அசையாமல் இருப்பதெல்லாம் கெட்டியாகப் பதியும், சுவர், தூண், கதவு மாதிரி. தெருவில் நடந்து போகிறவன் பதியவே மாட்டான். பாதி நேரம் நின்றுவிட்டு நகர்ந்து போனவன் பாதிதான் பதிவான், அவன் போன பிறகு பின்னாலிருக்கும் கதவு அவன்மேலேயே வந்து பதியும். அப்படித்தான் படத்தில் பேய் உண்டாகிறது, வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

கார்த்திகை தீபத்தன்று எல்லா வீட்டு வாசலிலும் வரிசையாக அகல் ஏற்றியிருந்தார்கள். தெரு முழுக்க வெளிச்சம். மாமாவைச் சலவை வேட்டி கட்டச் சொல்லி, அவர் வீட்டுக் கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். தட்டு வைத்த சட்டத்தைப் பெட்டியில் சொருகி, அதன் முன்னால் இருக்கும் மெல்லிய பலகையை உருவி எடுத்து, பிறகு லென்ஸ் மூடியைக் கழற்றினேன். "மாமா, அரை மணி. மூச்சு விடலாம், அசையக் கூடாது" என்றேன். அவரும் அய்யனார் சிலை மாதிரி நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் இருக்க வேண்டியவன், அரை மணி சும்மா நிற்பானேன் என்று தெருக்கோடிக் காப்பிக் கடைக்குப் போய் என் ராத்திரிப் படத்தைப் பற்றி ஜம்பம் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்குள் ஒரு பூனை தறிமேல் ஏறிவிட்டது. மாமாவுக்குப் படமாவது ஒன்றாவது! தறியில் நீளவாட்டில் ஏற்றிய பாவு நூலில் நகம் பட்டால் ஒரு மாச உழைப்பு போச்சே. "ஏய், சூ!" என்று உள்ளே ஓடியவர், பூனையை விரட்டிவிட்டு, அறுந்த இழைகளை முடிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது வாசலில் ஆளில்லை. மூடியைப் போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தட்டைக் கழுவிப் பார்த்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. அகல் வரிசை முத்து மாலை மாதிரி, தூணும் கதவும் தத்ரூபம். நடுவில் மாமா. முகம் தெரிகிறது, மீசை தெரிகிறது, ஆனால் அவர் நெஞ்சுக்குள் கதவில் அடித்த பித்தளை ஆணிகள் வரிசையாகத் தெரிகின்றன. அவர் பாதியில் போய்விட்டார் என்று அப்போதே புரிந்தது. ஆனால் விளக்குகள் அவ்வளவு அழகாக விழுந்திருந்தன, எனக்குத் தலைகால் புரியவில்லை. அச்சுப் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். தெருவே கூடிவிட்டது.

மாமா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இன்னாடா இது, என் நெஞ்சுல ஆணி தெரியுது?" என்று கேட்டார். "நீங்க பாதியில உள்ள போயிட்டீங்க மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, "நீ எங்கேடா போயிருந்த?" என்று வரும். அத்தனை பேர் முன்னால், காப்பிக் கடையில் அரட்டை அடித்தேன் என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவன் வேறு, "பெட்டி பொய் சொல்லாதுன்னு சொல்லுவியே, இப்ப இன்னா சொல்ற?" என்று கிளறிவிட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இப்பவும் அதான் சொல்றேன். இருக்கறதைத்தான் காட்டும்" என்றேன். மாமா படத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சபாபதி, என் வாழ்க்கையில் நான் சொன்ன மகா மட்டமான வார்த்தை அதுதான்.

அவர் தறியிலிருந்த பாவை இரண்டே நாளில் நெய்து முடித்து அறுத்தார். அடுத்த பாவைப் பிணைக்கவில்லை. உனக்குத் தெரியும், பாவு ஏறிய தறியைப் பாதியில் விட்டுவிட்டு நெய்கிறவன் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று நம் தெருவில் ஒரு நம்பிக்கை. படத்தைப் பார்த்துத் தன் முடிவு நெருங்கிவிட்டது என்று மாமா அதை நினைத்துவிட்டார். "ஆளே பாதிதான் இருக்கறேன், முழுப் பாவை எப்படி ஏத்தறது?" என்று சொல்லி, சாயம் போட்டு வைத்திருந்த பட்டு நூலைக்கூடப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். அந்த வீட்டிலிருந்து தறிச் சத்தம் நின்றது. சாப்பாடு குறைந்தது. நாலு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. படம் சொன்னதை அவர் உடம்பே நிஜமாக்கிவிடும்போல இருந்தது. நானோ, வெட்கக்கேடு, முதல் இரண்டு நாள் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன். பெட்டியோடு நான் நடந்தால் ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

ஐந்தாம் நாள் உன் அம்மா என் போட்டோக் கடைக்கு வந்தாள், துணைக்கு அவள் சித்தியைக் கூட்டிக்கொண்டு. படத்தை மேசைமேல் வைத்தாள். அதுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நாயினா பூனை வெரட்ட உள்ள போனாரு. திரும்பி வாசலுக்கு வரவே இல்ல. அதனாலதான் பாதியா வந்திருக்குது. குறுக்கே ஊடை நூலைப் பாதி ஓட்டிட்டு எழுந்துக்கினா சேலை பாதிதானே நிக்கும்? நெசவு தெரிஞ்ச எனக்கே புரியுது, பெட்டி வெச்சிருக்கற உங்களுக்குப் புரியலியா?" ஆறு வருஷம் துரை எனக்குக் கற்றுக்கொடுத்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நான் அசந்துபோய், "புரிஞ்சுது" என்றேன். "அப்ப ஏன் சொல்லல? நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேங்கறாரு. நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். அந்த நிமிஷமே எனக்கு அவள்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது, சிரிக்காதே.

நேரே போய்த் தப்பை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். போனேனா? இல்லை. மூளை வேறு பக்கம் ஓடியது. தப்பு என்று வாயால் சொல்லாமலே அவரைத் தெளிய வைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். தெரு மொத்தத்தையும் பேயாக்கிக் காட்டினால்? எல்லாருமே பாதி பாதியாக வந்தால், மாமாவின் பயம் பஞ்சாகப் பறந்துவிடாதா? பஜனைக்காரர்களிடம் இரண்டு கியாஸ் லைட்டைக் கெஞ்சி வாங்கினேன். வீடு வீடாகப் போய், "வெள்ளைத் துணி கட்டுங்க, இருட்டான கதவுக்கு முன்னாடி நில்லுங்க, நான் கை தட்டினதும் உள்ள ஓடிடுங்க, பேயா வருவீங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். அடேயப்பா, பேயாவதற்கு ஜனங்களுக்கு இருக்கிற ஆசையை என்னவென்று சொல்வது! கோடிவீட்டுக் கிழவர் தொண்ணூறு வயதில் கோமணத்தோடு நிற்பேன் என்று அடம் பிடித்தார். வாய்ச்சண்டைக்குப் பேர்போன ஒரு அம்மாள், "எனக்கு ரெண்டு கால் இல்லாம வரணும்பா" என்று உத்தரவு போட்டாள். ஒருத்தன் தீவட்டியைச் சுழற்றிக்கொண்டு ஓடினான், ஆள் விழாமல் நெருப்பு மட்டும் கயிறாக விழும் என்று நான் சொல்லியிருந்தேன். ஆட்டைக்கூட வெள்ளையடித்து நிறுத்தினார்கள். மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி, "நீங்க மட்டும் கடைசி வரைக்கும் அசையக் கூடாது" என்றேன். உன் அம்மா பெட்டிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் பெண்களோடு நின்றாள். கல்யாண வீடு தோற்றது போ, அப்படி ஒரு சிரிப்பு அன்றைக்குத் தெருவில். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

விடியற்காலையில் இருட்டறையில் உட்கார்ந்து தட்டைக் கழுவினேன். கழுவக் கழுவ ஒன்றும் வரவில்லை. மழமழவென்று வெறும் கண்ணாடி. மாமா இல்லை, கிழவர் இல்லை, ஆடு இல்லை. அப்புறம்தான் நெஞ்சில் இடி விழுந்தது. கூட்டத்தைப் பார்த்த மப்பில் லென்ஸ் மூடியை மட்டும் ஆர்ப்பாட்டமாகக் கழற்றினேனே தவிர, தட்டுக்கு முன்னாலிருந்த பலகையை உருவவே இல்லை. அரை மணி நேரம் தெரு மொத்தமும் ஒரு பலகைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

கதவைத் திறந்தால் தெருவே வாசலில் நிற்கிறது. முன்னால் மாமா, மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. தட்டு உடைந்துவிட்டது என்று சொல்லலாம், மருந்து கெட்டுவிட்டது என்று சொல்லலாம், யாருக்கு என்ன தெரியும்? வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அந்த மனுஷன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா, என்னை மன்னிச்சிடுங்க. அன்னிக்கு நீங்க பூனை வெரட்டப் போனீங்க, அதனாலதான் ஆணி தெரிஞ்சுது. அப்ப நான் காப்பிக் கடையில கதை பேசிக்கினு இருந்தேன். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு உங்களை இப்படி ஆக்கிட்டேன். ராத்திரியும் பலகையை உருவ மறந்துட்டேன். ஒண்ணுமே விழல. என் பெட்டி பொய் சொல்லும் மாமா, நானும் சொல்லுவேன்" என்று வெறும் கண்ணாடியை அவரிடம் நீட்டினேன்.

மாமா கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியாக என் மூஞ்சியைப் பார்த்தார். "பலகையை உருவலியா?" என்றார். "இல்ல மாமா." "அம்மாம் பேரையும் நிக்க வெச்சிட்டு?" "ஆமா மாமா." மெதுவாக அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு! துண்டு கீழே விழுந்தது, மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி, இந்தக் கேனையன் பெட்டியையா நான் எமன்னு நெனச்சிக்கினேன்! ஏ புள்ள, சோறு போடு, பசிக்குது!" என்று அங்கிருந்தே கத்தினார். மறுநாள் பங்காளி வீட்டிலிருந்து நூல் திரும்பி வந்தது. சூரியன் ஏறுமுன் அவர் வீட்டு வாசலில் தெருநீளத்துக்குப் புதுப் பாவு நீட்டினார்கள், நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தேன். அந்தப் பாவில் விழுந்த மூன்றாவது சேலைதான் உன் அம்மாவின் முகூர்த்தச் சேலை. அதற்குப் பிறகு தாத்தா எத்தனை வருஷம் இருந்தார் என்று உனக்கே தெரியும், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கருடசேவை காட்டியவர் ஆயிற்றே.

அதற்கப்புறம் நான் பலகையை உருவப் பழகிக்கொண்டேன். நாடகக்காரர்களுக்கு எத்தனை பேய் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! உனக்கு ஐந்து வயதில் நாமும் ஒன்று எடுத்தோமே, நீ பேயாக மாட்டேன் என்று கடைசிவரை விறைத்து நின்று கெட்டியாக விழுந்தாய், உன் அம்மா கொழுக்கட்டை வெந்துவிட்டது என்று நடுவில் ஓடிப்போய் ஆவியாக விழுந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூக்கும் கோபமும் உனக்கு என்னுடையவை, தப்பு என்று ஒத்துக்கொள்ள நாக்கு எழாத குணமும் என்னுடையதே. அந்த ஒரு காலையில் கற்றதை நான் முழுசாகக் கற்கவும் இல்லை. உனக்குப் பத்து வயதில், ஒரு கல்யாணப் படத்தின் தட்டை உடைத்துவிட்டாய் என்று கன்னத்தில் அறைந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை மேசை விளிம்பில் வைத்தவன் நான். அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. இத்தனை வருஷமும் சொல்லவில்லை. தப்பு என்னுடையதப்பா, உன்னுடையது இல்லை. பெண்டாட்டியிடம் நீ இப்படி வருஷக்கணக்கில் தள்ளிப்போடாதே. நடந்த அன்றைக்கே சொல்லிவிடு. அவள் சிரித்தால் சிரிக்கட்டும், கூடச் சேர்ந்து சிரி.

இவ்வளவும் எழுதி முடித்து, மேலே புத்திமதியாக இன்னும் நாலு பக்கம் எழுதலாம் என்று பேனாவைத் தொட்டபோது உன் அம்மா சோற்றுத் தூக்கோடு வந்தாள். அப்பளக் கோபம் தணிந்திருந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். காப்பிக் கடையில் சிரித்தாள், கோமணத்தில் சிரித்தாள், உன்னை அறைந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தூக்கைத் திறந்துகொண்டே, "பலகை உள்ளயே இருந்துச்சு, நான் பார்த்தேன்" என்றாள், சாதாரணமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்போ?" என்றேன். "அன்னிக்கு ராத்திரிதான். கார்த்திகைக்கு எடுத்தப்ப முதல்ல பலகையை உருவினீங்க, அப்புறம்தான் மூடி. அந்த ராத்திரி மூடிய மட்டும் எடுத்தீங்க. நான் பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன்." "அடிப்பாவி, ஏன் சொல்லல?" "அம்மாம் பேரு நடுவுல உங்களைக் கூப்பிட முடியுமா? இன்னா பேசுவாங்க? சித்திகிட்ட சொல்லி அனுப்பலாம்னு பார்த்தேன். அப்புறம் யோசிச்சேன். நாயினா ஒருத்தரு பாதியா வந்ததுக்கே ஒரு தறி நின்னுபோச்சு. தெரு மொத்தமும் பாதி பாதியா வந்தா விடியறதுக்குள்ள அத்தினி தறியும் நின்னுடும். கம்முனு இருந்துட்டேன்."

சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் மூளையில் அது அன்றைக்கும் உதிக்கவில்லை, இன்றைக்குவரை உதிக்கவில்லை. "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நாயினாகிட்ட தப்பை ஒத்துக்கினதுல உங்களுக்கு ஒரு பெருமை இருந்துச்சு. அதைப் போயி ஏன் கெடுக்கணும்? சாப்பிடுங்க, ஆறுது" என்று ரசத்தை ஊற்றினாள்.

ஆகையால் மேலே நான் புத்திமதி ஒன்றும் எழுதவில்லை. பெண் வீட்டில் நன்றாக விசாரித்துவிட்டேன். உனக்கு வரப்போகிறவளும் எதையும் கூர்ந்து பார்க்கிற பெண்ணாம், அதிகம் பேச மாட்டாளாம். பிழைத்துக்கொள்.

இப்படிக்கு,
அரை மணி நேரம் மூடிக் கிடந்த பெட்டிக்குச் சொந்தக்காரன்,
உன் அப்பா